டவர் எட்டாத கடல்

திருவொற்றியூர் குப்பத்தில் பொழுது சாய்கிறது. மணலிப் பக்கம் ஆலைப் புகைபோக்கியின் தீ வானத்தைச் சிவப்பாக்குகிறது. கிழக்கே, துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கப்பல்களில் ஒவ்வொன்றாக விளக்கு எரிகிறது. அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களின் மேல் தேசம்மா உட்கார்ந்திருக்கிறாள். உப்பு அரித்த ரேடியோவை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருக்கிறாள். கை கொஞ்சம் அசைந்தாலும் பாட்டின் மேல் இரைச்சல் ஏறுகிறது. விசைப்படகில் தொழிலுக்குப் போயிருக்கும் அவள் புருஷன் கோதண்டமும் இந்நேரம் இதே பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பான். டவர் எட்டாத அந்தத் தூரத்தில் போன் வெறும் டார்ச்லைட்டுதான், ரேடியோ மட்டும்தான் பேசும். கல்யாணமான புதிதில் இருவரும் செய்துகொண்ட ஏற்பாடு இது: இந்தச் சாயங்கால நிகழ்ச்சியில் பாட்டு முடியும்வரை அங்கே அவன் வலையைத் தொடமாட்டான், இங்கே இவள் யாரோடும் பேசமாட்டாள். பாட்டு முடிகிறது. அடுத்த வாரத்திலிருந்து இந்த நிகழ்ச்சி ரேடியோவில் வராது, செல்போன் ஆப்பில் மட்டும் கேட்கலாம் என்கிறாள் அறிவிப்பாளினி, ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல. பின்னால் நிற்கும் மகள் மோனிஷா தன் போனை நீட்டுகிறாள்.

"இதுக்குப் போயி இன்னாத்துக்கும்மா மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற? அதே பாட்டு இதுல கீது. எப்ப வோணா போட்டுக் கேளு."

"அத்த நான் மட்டுந்தான்டி கேக்கணும்." தேசம்மா கடலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கொஞ்ச நேரம் கம்முனு இரு. அந்தம்மா சொன்னத ஒங்க நைனாவும் இப்பதான் கேட்டிருக்கும்."

ரேடியோவில் உர விளம்பரம் ஓடுகிறது. அவள் கை இன்னும் அசையவில்லை.