அம்மா போட்ட முடிச்சு

ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்ததும், ரப்பர் தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் கல்யாணமாகாத பெண்களுக்கெல்லாம் மஞ்சள் கயிறு ஏறியது. தாலியைக் கண்டால் சிப்பாய் தொடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. அங்கம்மாவுக்கு அவள் அம்மாதான் கட்டினாள். மூன்று போட்டால் நிஜமாகிவிடுமே என்று ஒரே முடிச்சோடு நிறுத்திக்கொண்டாள்.

மிச்சம் இரண்டையும் போட்டவன் அதே தோட்டத்தில் பால் வெட்டிய வேலாண்டி. சயாம் ரயில்பாதை வேலைக்கு அவனை ஜப்பான்காரன் லாரியில் ஏற்றியதற்கு முந்தின நாள் அது. அவன் விரலெல்லாம் ரப்பர் பால் வாசம். "வந்து ஊரறியக் கட்டுறேன் புள்ள" என்றான். அன்றிலிருந்து அங்கம்மா கொண்டை போடுவதையே விட்டுவிட்டாள். அரிசி கிடைக்காத அந்த நாட்களில் மரவள்ளிக்கிழங்கு அவிக்கும்போதும் கை தானாகப் பின்னலுக்கடியில் போய் அந்த இரண்டையும் தடவிவிட்டு வரும். பிற்பாடு எத்தனையோ நல்ல காலம் வந்தது. அவள் மனசு என்னவோ அந்தப் பஞ்சத்துக்கே ஓடும்.

சண்டை முடிந்ததும் லயத்து வாசலில் பெண்களை உட்காரவைத்து, சிரிப்பும் கும்மாளமுமாகக் கயிறுகளை அவிழ்த்தார்கள். "வாடி, இனி என்னாத்துக்கு இந்த வேசம்" என்று அம்மா அவள் பின்னலை ஒதுக்கினாள். விரல் ஒரு முடிச்சைத் தொட்டது. அடுத்ததைத் தொட்டது. மூன்றாவதில் நின்றுவிட்டது.

"யாருடி?" என்றாள் காதோரம்.

"சயாமுக்குப் போயிருக்காரு."

அம்மா கயிற்றை ரவிக்கைக்குள் தள்ளி, பின்னலை இழுத்து மூடினாள்.

"இவளுது இறுகிப்போச்சு" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "அப்புறம் பாத்துக்கலாம்."