கீரி ரத்தம்

ஒரே வளையில் ஒரே நாளில் பிறந்த கீரிகள் செம்பனும் கருவாலனும். கருவாலன் குளக்கரையில் வாத்துகளின் முட்டைகளைப் பாம்புகளிடமிருந்து காத்துவந்தான். அதற்காக வாத்துகள் அவனுக்குத் தினமும் மீன் கொடுத்தன. வறண்ட மேட்டில் வாழ்ந்த செம்பன், ஒருநாள் பசி தாளாமல் ஒரு முட்டையைத் திருடிப் பிடிபட்டான்.

"இவங்க அப்பனும் முட்டைத் திருடன்தான். இது ரத்தத்துலயே இருக்கு. ரெண்டு பேரும் கிளம்புங்க," என்றது தலைவி வாத்து.

"நான் என்னம்மா பண்ணினேன்? மூணு வருஷமா முட்டைகளுக்கு நடுவுலதானே தூங்கறேன்!" என்றான் கருவாலன்.

"இன்னும் பண்ணலை, அவ்வளவுதான்."

கருவாலன் செம்பனோடு மேட்டுக்குப் போனான். அங்கே எலிகூட இல்லை. முதல் நாள் ஒரு வெட்டுக்கிளி கிடைத்தது. அடுத்த மூன்று நாள் அதுவும் கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் கருவாலன் தலைசுற்றலோடு குளக்கரைக்கு வந்து ஒரு முட்டையை எடுத்தான். அங்கேயே அதை உடைத்துக் குடித்தான்.

தலைவி வாத்து பார்த்துவிட்டது. அதற்குக் கோபம்கூட வரவில்லை.

"அன்னிக்கே சொன்னேன் இல்லையா?" என்றது மற்றவர்களிடம், நிதானமாக.

எல்லா வாத்துகளும் தலையாட்டின. கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்று அவனை யாரும் கேட்கவில்லை.