மீனுக்கு என்ன சத்தம்

கதவு திறந்ததும் சோற்று வாசனை அடித்தது.

வாத்தியார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மடியில் தட்டு. சூடான சோறு, மேலே பருப்பு, ஓரத்தில் உருளைக்கிழங்கு.

எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அவர்கள் இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து சாப்பாடுதான் பெரும் பாடு. வாத்தியாரும் அவர் மனைவியும் முட்டைகூடத் தொடாதவர்கள். நான் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர். ஆனால் என் தொண்டைத் தண்ணீர் வற்றியதெல்லாம் ஓட்டல்களில்தான்.

இறைச்சி வேண்டாம் என்றால், சரி, கோழி தரட்டுமா என்றார் ஒருவர்.

காய்கறி சூப் என்று வந்ததை வாத்தியார் வாய்வரை கொண்டுபோனார். கரண்டியில் ஓர் இறால் கிடந்தது. வீட்டுப்பாடம் செய்யாத பையனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ரொட்டி, வாழைப்பழம், ஊரிலிருந்து கொண்டுவந்த ஊறுகாய். அவருக்குச் சர்க்கரை வேறு. முந்தாநாள் அன்றைய வேலை முடிந்து படியிறங்கும்போது தலை சுற்றி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நாளைக்கோ அவர் எழுந்து நின்று பேசியாக வேண்டும்.

"யாரும்மா சமைச்சது?" என்றேன். வாத்தியாரின் மனைவியை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன்.

"அதோ, அவங்கதான். நேத்திலேருந்து கொண்டாந்து தராங்க. பாத்திரம்கூடப் புதுசு, பாரேன்." பருப்புப் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டினார். அடியில் கடைச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஜன்னல் பக்கம், எங்களுக்கு முதுகு காட்டி ஒரு பெண்மணி வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். இந்த ஊர்க்காரர். விடுதியில் படுக்கை விரிப்பு மாற்ற வருபவர் என்று நினைத்தேன்.

"பாஷை தெரியாம எப்படிப் பேசிக்கிறீங்க?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் முதலில் மாடு மாதிரி கத்தி, வேண்டாம்தானே என்று கையை ஆட்டிக் கேட்டாராம். இவர் தலையாட்டினாராம். பிறகு முழங்கையை மடக்கி, கோழி மாதிரி கொக்கரித்தாராம். அதுவும் ஆயிற்று. மீனுக்குத்தான் என்ன சத்தம் என்று தெரியாமல் இருவரும் எதிரெதிரே நின்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்களாம்.

வாத்தியார்கூட உதட்டோரம் சிரித்தார். அவர் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

அந்தப் பெண் வெள்ளரித் துண்டுகளோடு திரும்பினார். என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

அது எனக்குத் தெரிந்த முகம். கோர்ட்டில் எதிர்ப்பக்கத்துப் பெஞ்சின் கடைசியில், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் உட்கார்ந்திருந்த முகம்.

அம்மாவின் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தேன்.

"அம்மா, இவங்க யாருன்னு தெரியுமா? உங்க பொண்ணு மேல காரை ஏத்திக் கொன்னானே, அவனோட அம்மா."

அம்மா பதறவில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"தெரியும்மா. கோர்ட் கேண்டீன்ல நாம தட்டைத் திருப்பிக் கொடுத்தப்ப பின்னாலயே நின்னாங்க. அவர் படியில உக்காந்தப்பவும் பார்த்துட்டேதான் இருந்தாங்க." குரலை இறக்கினார். "அவருக்குத் தெரியாது. சொல்லிடாதே. ரெண்டு வாய் சாப்பிடட்டும்."

"எனக்கும் தெரியும்," என்றார் வாத்தியார் கட்டிலிலிருந்து.

அம்மா சட்டென்று அவர் பக்கம் திரும்பினார்.

அந்தப் பெண் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார் வாத்தியார், என்னிடம். தலை நிமிரவில்லை. "நாளைக்கு ஜட்ஜ் முன்னால நான் பேசறதுல ஒரு வார்த்தை குறையாது. இருக்கிறதுலயே பெரிய தண்டனையைத்தான் கேக்கப்போறேன். இந்தச் சோத்துக்காக மாத்திச் சொல்ல மாட்டேன்."

சொன்னேன். எதையும் குறைக்காமல், கூட்டாமல். அதுதான் என் தொழில்.

அந்தப் பெண் கேட்டுக்கொண்டார். கண்ணைத் துடைக்கவில்லை, அருகில் வரவுமில்லை. இரண்டே வாக்கியம் சொன்னார்.

"என்ன சொல்றாங்க?" என்றார் அம்மா.

"அப்படித்தான் சொல்லணும்ங்கிறாங்க." பிறகு வாத்தியார் பக்கம் திரும்பினேன். "நாளைக்குக் கோர்ட் முடிய நேரமாயிடுமே, சாப்பாட்டை எத்தனை மணிக்குக் கொண்டுவரட்டும்னு கேக்கறாங்க."

வாத்தியார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்தது குழைந்து கூழாகிவிட்டது.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றார்.

அதையும் சொன்னேன்.