தனிப் பலகை

“ஐயா கார்லேர்ந்து இறங்கிட்டாரு. அந்தப் பலகையைத் தூக்கி வெளியே போடு!” என்று நல்லம்மாள் கத்தினாள்.

தம்பி வாசு அசையவில்லை. அவளே பலகையைத் தூக்கிவந்து அங்சானா மரத்தடியில் போட்டு, முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

ஜெலுத்தோங்கில் அவளுடைய தேத்தண்ணிக் கடைக்குள் அன்று இரும்புப் பட்டறைக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். ஒரு முகத்திலும் சிரிப்பு இல்லை.

சட்டசபையில் பினாங்கு இந்தியர்களுக்காக உட்கார, ஒருவர் பெயரை இந்தியர் சங்கம் கவர்னருக்குச் சிபாரிசு செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கை தூக்கி முடிவெடுப்பார்கள். கடைக்காரர் மெய்யநாதனுக்கும் ஒரு வக்கீலுக்கும் போட்டி.

டவுன்காரர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். இனி ஜெலுத்தோங் யாருக்குக் கை தூக்குகிறதோ, நாற்காலி அவருக்குத்தான். வேலையில்லாத மாதங்களில் பட்டறைக்காரர்களுக்குச் சோறு போட்டவள் நல்லம்மாள். அவள் சொன்னால் அத்தனை கையும் உயரும்.

அது தெரிந்துதான் மெய்யநாதன் அங்கே வந்திருந்தார்.

“உள்ள ஒரே அடுப்புப் புகை ஐயா. உங்களுக்குன்னு தனியா போட்டிருக்கேன். இங்கயே உக்காருங்க.”

மெய்யநாதன் அங்கவஸ்திரத்தை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்காக ஊரெல்லாம் கை சேர்க்கும் ராமதாஸ் பின்னால் நின்றுகொண்டார்.

வாசு வாசலுக்கு வந்துவிட்டான்.

“அக்கா, உனக்கு வெக்கமா இல்ல? பொங்கல் விருந்துல இலை முன்னால உக்காந்திருந்த உன்னை எழுப்பி, கொல்லைப்பக்கம் போய்த் தின்னுன்னு சொன்னது யாரு? இவருதான்! இவருக்கா பலகை துடைக்கிற?”

“நல்லாக் கேளுடா!” என்று உள்ளேயிருந்து குரல்கள் வந்தன.

மெய்யநாதனின் முகம் கறுத்தது. “ஆமாய்யா, நான்தான் எழுப்பினேன். உங்க கைக்காகப் பொய் சொல்லிக்கிட்டு வரல. அவங்கவங்களுக்கு ஒரு இடம் இருக்கு. கப்பல் ஏறி வந்துட்டா அது மாறிடுமா? தனியா உக்கார வெச்சதுல என்ன அவமானம்? சோறு போடாமலா அனுப்பினேன்?”

“அந்தச் சோத்தை நீயே தின்னுய்யா!” வாசு பாய்ந்தான்.

நல்லம்மாள் குறுக்கே கையை நீட்டினாள். “பேசாம உள்ள போ தம்பி. ஐயா சொல்றதுல என்ன தப்பு? பழக்கம்னா பழக்கம்தான்லா.”

“கெரெத்தாவுல வந்து இறங்கினாப் போதும், உனக்கு எல்லாம் மறந்துடும்!” அவன் கையிலிருந்த கோப்பையைத் தூணில் அடித்தான். பீங்கான் சிதறியது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உள்ளே போய், பளபளக்கும் பித்தளை டம்ளர் ஒன்றைக் கொண்டுவந்தாள்.

“நேத்துதான் பாசார்ல வாங்கினேன். உங்களுக்கு மட்டும்தான் ஐயா. எங்க ஆளுங்க யாரும் இதுல வாய் வெக்க மாட்டாங்க.”

மெய்யநாதன் தயங்கினார். இந்த மாதிரிக் கடையில் அவர் பச்சைத்தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

ராமதாஸ் குனிந்து காதோடு பேசினார். “குடிச்சிடுங்கண்ணே. புது டம்ளர்தானே? ஜெலுத்தோங்ல தேத்தண்ணி குடிச்சாருன்னு பேராவது கிடைக்கும். வக்கீல் வயிறு எரிஞ்சு சாவான்.”

நல்லம்மாள் டம்ளரைப் பலகையின் ஓரத்தில் வைத்துவிட்டு விலகிக்கொண்டாள். எட்ட நின்று, கையை உயர்த்தி, மேலேயிருந்து தேத்தண்ணியை ஊற்றினாள். டம்ளரின் விளிம்பில்கூடப் பாத்திரம் படவில்லை.

மெய்யநாதனுக்கு மனம் குளிர்ந்தது. பயம் இருக்கிறது, தன் இடமும் தெரிந்திருக்கிறது. அந்தப் பட்டறைப் பயல்களுக்கு இவள் ஒருத்தி புத்தி சொன்னால் போதும் என்று நினைத்துக்கொண்டார். மடமடவென்று குடித்து முடித்தார்.

“பாத்துக்கிட்டீங்களாய்யா? உங்க ஆளு கையால குடிச்சிட்டேன்!” என்று கடைக்குள் பார்த்து உரக்கச் சொன்னார். வாசு காறித் துப்பினான்.

மெய்யநாதன் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். “அப்ப ஞாயித்துக்கிழமை ஜெலுத்தோங் எனக்குத்தானே நல்லம்மா?”

ராமதாஸ் டம்ளரை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் சட்டென்று இரண்டு கைகளையும் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“அதை அவருகிட்டக் குடுங்க. இந்தக் கடையில வெளிய உக்காந்து குடிக்கிறவங்க, டம்ளரை அவங்களே கழுவிக் கவுத்து வெச்சிட்டுத்தான் போகணும்.”