வலது கீழ் மூலை

குப்புறப் படுத்தபோது முழங்கைகள் தாமாகவே தங்கள் இடத்தைத் தேடிப் போயின. அவள் அவற்றை வேண்டுமென்றே கோணலாக நகர்த்தி வைத்தாள்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. விசையை மெதுவா இழுத்தாக் காணும்," என்றான் மகன்.

ஆரூரன் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். துப்பாக்கி அவனுடையது. ராணுவப் பயிற்சி முடித்த மற்ற சுவிஸ் பிள்ளைகளைப் போல அவனும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். விசையை அழுத்திப் பிடித்தால் நிற்காமல் பொழியக்கூடிய சாமான். சட்டப்படி அலுமாரியில் வைத்துக்கொள்ளலாம். குளிர்ச்சட்டைகளுக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவில் பதினொரு மாதமாக நிற்கிறது.

அந்தப் பதினொரு மாதமும் அவள் இஸ்திரி போடவில்லை. கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போன புருஷன் அவளுக்குச் சோம்பல் முற்றிவிட்டது என்றார்.

இன்று ஊரின் சூட்டு விழா. யாரும் வரலாம், யாரும் சுடலாம். தொடர்ந்து பொழிய விடமாட்டார்கள்; ஒவ்வொரு வெடியாக, ஆளுக்கு ஆறு. வெளியே சொசேஜ் வாட்டுகிறார்கள். பிள்ளைகள் ஐஸ்கிரீம் நக்குகிறார்கள். வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டே ஐஸ்கிரீம் தின்னும் ஊர் ஒன்று இருக்கிறது என்று போர்க்காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கமாட்டாள்.

வரமாட்டேன் என்றுதான் சொன்னாள்.

மகன் விடவில்லை. அவனுக்கு எப்போதோ கிடைத்துவிட்ட குடியுரிமைக்கு, வியாழக்கிழமை அவளுக்கு நேர்காணல். ஊரோடு கலந்து பழகுகிறாளா என்று பார்ப்பார்கள். கேள்வி கேட்கப்போகும் மூவரில் ஒருவர் வேர்னர். இந்த மைதானத்துக்கும் அவர்தான் பொறுப்பு. அவர் கண்ணில் பட்டாலே பாதி வேலை முடிந்தது என்றான்.

வேர்னர் இப்போது அவளுக்குப் பின்னால் நிற்கிறார்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அகதி விசாரணையில் ஒரு கேள்வி கேட்டார்கள். ஆயுதம் ஏந்தியதுண்டா?

இலங்கையில் மூன்று வருடம் இயக்கத்தில் துப்பாக்கியோடு இருந்தவள், இல்லை என்றாள்.

அந்த ஒரு சொல்லின் மேல்தான் எல்லாம் நிற்கிறது. வீடு, முதியோர் இல்லத்து வேலை, புருஷன், இந்தப் பிள்ளை. புருஷனுக்கே தெரியாது. பொய் என்று தெரிந்தால் குடியுரிமை என்ன, இருக்கிற விசாவும் போகும்.

முந்நூறு மீட்டருக்கு அப்பால் பலகை. அதில் கறுப்பாக ஒரு மனிதனின் தலையும் தோளும் நெஞ்சும்.

அவன்மேல் படக்கூடாது. அதை முதலிலேயே முடிவு செய்திருந்தாள்.

ஆனால் தவறவிடுவதற்கும் ஒரு குறி தேவைப்பட்டது. பலகையின் வலது கீழ் மூலையைத் தேர்ந்தெடுத்தாள். அங்கே யாரும் இல்லை.

மூச்சைப் பாதி விட்டாள். மீதி தானாக நின்றது.

ஆறு வெடி.

ஒவ்வொரு இடியும் தோளில் பழைய இடத்தையே தேடி வந்து இறங்கியது. வெட்கக்கேடு என்னவென்றால், அது அவளுக்குப் பிடித்திருந்தது.

எழுந்து கையை உதறினாள். ஒன்றும் அறியாதவள் போலச் சிரித்தாள்.

"ஒண்டும் படேல்லைப் போல?"

ஒருவரும் சிரிக்கவில்லை.

பக்கத்தில் ஒரு சின்னத் திரை. குண்டு எங்கே பட்டது என்று அது காட்டும். கறுப்பு மனிதன்மேல் ஒரு கீறலும் இல்லை. வலது கீழ் மூலையில் ஆறு புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒரே கறையாகக் கிடந்தன.

துப்பாக்கி தெரியாதவள் சிதறித்தான் சுடுவாள். ஒன்று வானத்துக்கு, ஒன்று புல்லுக்கு. அதை மறந்துபோனாள். நன்றாகச் சுட மட்டும்தான் அவளுக்குப் பழக்கியிருந்தார்கள்.

வேர்னர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். நாற்பது வருடமாகச் சுடுகிறவர்.

ஆரூரனும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதுகள் மெல்லச் சிவந்தன.

குறிபார்க்கும் துளை பிசகிவிட்டது என்று ஜெர்மனில் சொன்னான். நேற்றுத் துடைத்தபோது நான்தான் ஆட்டிவிட்டிருக்க வேண்டும், அம்மா நான் காட்டினபடி அசையாமல் நெஞ்சைத்தான் குறிபார்த்தார் என்றான்.

அப்படியானால் நெஞ்சைக் குறிபார்த்து நீ ஒன்று சுடு, பார்க்கலாம் என்றார் வேர்னர்.

அவன் படுத்தான்.

குழல் மனிதனின் நெஞ்சுக்கு நேராகப் போய் நின்றது. பிறகு ஒரு மயிரிழை வலப்பக்கம். ஒரு மயிரிழை கீழே. வேர்னரின் கண் திரையில் இருந்தது. அவளுடைய கண் குழலில் இருந்தது.

ஏழாவது புள்ளி அந்த ஆறின் மேல் விழுந்தது.

வேர்னர் நீளமாக ஒரு 'ஆ' சொன்னார். துப்பாக்கியைத் திருத்துகிறவரிடம் கொண்டுபோகச் சொன்னார். அவளுக்குக் கை கொடுத்து, வியாழன் சந்திப்போம் என்றார்.

அவளுக்கு உயிர் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. பிள்ளை தனக்காகப் பொய் சொன்னான் என்பதைவிட, முகம் மாறாமல் எத்தனை சுத்தமாகச் சொன்னான் என்பதுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது. அந்தச் சுத்தம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

பேருந்துத் தரிப்பிடத்துக்கு அவன் முன்னால் நடந்தான். துப்பாக்கி தோளில் தொங்கியது. எதிரே வந்தவர்கள் அதைக் குடையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, வணக்கம் சொல்லிக் கடந்தார்கள்.

"எத்தினை பேர் அம்மா?"

அவள் ரோட்டைப் பார்த்தாள்.

"தெரியாதடா."

ஒருவருமில்லை என்று சொல்லியிருக்கலாம் என்பது, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது.