மாப்பிள்ளை குடிக்கிற தண்ணீர்

தலைமை அலுவலகத்து அம்மா கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் குனிந்தார். மீனும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் தொட்டியை ஒட்டி நின்றுகொண்டேன்.

எங்கள் ஆலையில் துணிக்குச் சாயம் ஏற்றுகிறோம். அந்தத் துணியில் தைத்த சட்டைகள் பதினெட்டு நாடுகளில் விற்கின்றன. சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற பிரிவு என் பொறுப்பு. அப்படிச் சுத்தம் செய்த தண்ணீரில் ஒரு மீன் உயிரோடு நீந்திக் காட்ட வேண்டும், அது கம்பெனி விதி. மீன் செத்தால் பசுமைச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாவிட்டால் ஆர்டர் வராது. நானூறு பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

முதல் மூன்று மீன்களும் மூன்று நாள் தாண்டவில்லை. நாலாவதாக வந்தவருக்கு மட்டும் ஏழு மாதமாக ராஜ வாழ்வு. அவருக்கு நடக்கிற உபசாரத்தைப் பார்த்து எல்லோரும் மாப்பிள்ளை என்றே கூப்பிடுகிறார்கள். என் சொந்த மாப்பிள்ளையைக்கூட நான் இப்படித் தாங்கியதில்லை.

எல்லாம் உங்க கைராசிண்ணே என்பார் மேனேஜர்.

அம்மா ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, இந்தத் தண்ணிய நீங்க குடிப்பீங்களான்னு கேக்கறாங்க."

தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு மடக்மடக்கென்று குடித்தேன். லேசாக மீன் வாடை அடித்தது, அவ்வளவுதான். கேட்காமலே இன்னொரு டம்ளரும் குடித்தேன்.

மேனேஜர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி என்று யோசித்திருப்பார்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அங்கேயே சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கையோடு கீழே ஒரு வரியும் எழுதினார். மேனேஜர் அதை உரக்கப் படித்தார். திங்கட்கிழமை முதல் ஆலையின் எல்லாக் குடிநீர்க் குழாய்களிலும், நாங்கள் சுத்தம் செய்த இந்தத் தண்ணீரே வர வேண்டுமாம்.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்து திறந்து மூடினார். நல்லவேளை, காட்டிக்கொடுக்கவில்லை.

வீட்டிலிருந்து தினமும் ஒரு குடம் குடிதண்ணீர் எங்கே மாயமாகிறது என்று என் மனைவி ஏழு மாதமாக விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

நானூறு பேருக்கு எத்தனை குடம் ஆகும் என்று அவளிடம் எந்த வாயால் கேட்பது?