பின்சீட்டு எடை

தம்பி இளமாறன் இறந்த பிறகும், சுகுமாரின் அட்வென்ச்சர் பைக் பின்சீட்டில் ஆள் இருப்பதுபோலத் தாழ்ந்தே நின்றது. ஷாக் அப்சார்பர் போய்விட்டதென்று, அஸ்தினாபுரம் வீட்டு வாசலில் வைத்து அவனே புதிதை மாட்டினான். ஸ்டாண்டிலிருந்து இறக்கியதும் வண்டி மெல்ல அமுங்கியது.

"புதுசுதானேங்க போட்டீங்க? அப்பவும் இறங்குதே?" என்றாள் மனைவி தீபலட்சுமி.

"ரெண்டு பேர் வெயிட்டுக்கு ஸ்பிரிங்க டைட் வச்சிடறேன்."

அவள் ஸ்பேனரை நீட்டினாள். அவன் முறுக்கியதும் வண்டி நிமிர்ந்தது.

ஓட்டிப் பார்க்கத் தனியாகக் கிளம்பினான். தெருமுனையில் பெரிய ஸ்பீட் பிரேக்கர். பின்சீட்டில் வரும் இளமாறன் அங்கே எப்போதும் ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நிற்பான்.

"மேடுடா," என்றான் சுகுமார், பழக்கத்தில்.

சக்கரம் மேட்டைத் தொடும் முன்பே பின்பக்கம் லேசாக உயர்ந்தது. மேட்டைத் தாண்டியதும் மெதுவாக அமர்ந்தது.